நரிக்கிழங்கு: பெருவில் சில நாட்கள்

மே 25, 2024, சனி. லிமா

"இங்கே மழையே பெய்யாது, குடை எடுத்துக்கிட்டு வராதே" என்று தோழி சொல்லியிருந்தாள். பெய்யவில்லைதான். ஆனால் வந்து இறங்கியதிலிருந்து வெயிலையும் பார்க்கவில்லை. கடலிலிருந்து ஏறி வந்த மூட்டம் நகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது, நேற்றிரவு அலசிப் போட்ட காலுறை இன்னும் ஈரம். இதற்குப் பெயர் பாலைவன நகரமாம்.

உருளைக்கிழங்கு பார்க்க தென் அமெரிக்கா போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் தாத்தா காலத்திலிருந்து கிழங்கு போட்ட குடும்பம் எங்களுடையது, நீலகிரியில் கிழங்கு என்றாலே உருளைதான். இப்போது நான் வங்கியில் உட்கார்ந்து அடுத்தவர்களின் பயிர்க்கடன் பார்க்கிறேன். தோழி கோவை வேளாண் பல்கலையில் என்னோடு படித்தவள், லிமாவில் பயிர் நோய் ஆராய்ச்சி. "ஒரு தடவை வந்து பாரு, அப்புறம் நீ ஊட்டிக் கிழங்கைப் பத்தி வாயே திறக்க மாட்டே" என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் வீட்டுப் பக்கத்துச் சந்தைக்குப் போனோம். கிழங்குக் கடையில் கிலோ எவ்வளவு என்று கேட்டால் அந்த அம்மாள் விலை சொல்லவில்லை, "எதற்கு?" என்று திருப்பிக் கேட்டார். சூப்புக்கா, மசிக்கவா, பொரிக்கவா? பொரிக்க என்று சும்மா சொல்லி மஞ்சள் கிழங்கைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டார். அது எண்ணெயில் உதிர்ந்துபோகும், மசிக்கத்தான் ஆகும், கொடுக்க முடியாது என்று வேறு குவியலைக் காட்டினார். விற்க மறுக்கிற கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. மஞ்சள் கிழங்கு கிலோ 5 சோல், அதாவது நம் காசுக்கு 110 ரூபாய் போல. செந்தோலில் ஊதாத் தீற்றல் போட்ட வைரோ 4 சோல். வெள்ளைக் கிழங்கு அதற்கும் குறைவு.

மதியம் 'காவுசா' சாப்பிட்டேன். அந்த மஞ்சள் கிழங்கை மசித்து, மிளகாய் விழுது கலந்து, எலுமிச்சை பிழிந்து, நடுவில் கோழியும் வெண்ணெய்ப்பழமும் வைத்து அடுக்கி, சில்லென்று தருகிறார்கள். உருளை மசியலை ஆறவைத்துச் சாப்பிடுவதா என்று முதல் வாயில் முகம் சுளித்தேன், அப்புறம் இன்னொரு தட்டு வாங்கினேன். 18 சோல்.

மே 27, திங்கள். லா மொலினா

சர்வதேச உருளைக்கிழங்கு மையம் லிமாவின் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, 1971இல் தொடங்கியது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்ததால் உள்ளே விட்டார்கள். வெள்ளைக் கோட்டு, காலுக்கு உறை, பேச்சைக் குறை என்று கையால் ஒரு சைகை.

உள்ளே போனால் கிழங்கே கண்ணில் படவில்லை. அறை முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள்தான். ஒவ்வொன்றிலும் அடியில் கூழ், அதில் வேர்விட்டு விரல் நீளத்துக்கு ஒரு பச்சைச் செடி, வெளியே பார்கோடு. ஆண்டீஸ் மலை விவசாயிகள் பயிரிடும் கிழங்கில் 4,000க்கும் மேற்பட்ட சேகரிப்புகள் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. குளிரிலும் மங்கல் வெளிச்சத்திலும் வைத்திருப்பதால் செடி மெதுவாக வளர்கிறது, இல்லாவிட்டால் மாதாமாதம் வெட்டி மாற்றி நடவேண்டி வருமாம். அதையும் தாண்டி, குருத்து நுனியை மட்டும் கிள்ளி திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், போட்டு வைக்கிற அறை ஒன்று. எட்டிப் பார்த்தால் புகை மட்டும்தான் தெரிகிறது.

விதையாகவே எடுத்து வைத்தால் என்ன என்று கேட்டேன். உருளைச் செடியில் சின்னத் தக்காளி மாதிரி காய் காய்க்கும், அதற்குள் விதை உண்டு, ஊட்டியில் பிள்ளைகள் அதைப் பறித்து எறிந்து விளையாடுவோம். ஆனால் அந்த விதையைப் போட்டால் தாய்க் கிழங்கு அப்படியே வராது, ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வரும். அதனால் பயிரிடும் ரகத்தைச் செடியாகவே காப்பாற்றியாக வேண்டும். காட்டு இனங்களுக்கு அந்தக் கவலை இல்லை, விதையைக் காயவைத்து மைனஸ் 20இல் உறைக்குள் போட்டுவிடுகிறார்கள். காட்டு உருளையே நூறு இனத்துக்கு மேல் இருக்கிறது. அதில் நிறைய இனங்களைக் கால்நடையாகப் போய்த் தேடி, படம் வரைந்து, பெயர் வைத்தவர் கார்லோஸ் ஓச்சோவா என்ற பெருநாட்டுக்காரர், 2008இல் காலமானார்.

இந்தக் காட்டுச் செடிகளைக் கட்டி அழுவது எதற்கு என்றால், பயிர்க் கிழங்கு தொலைத்துவிட்ட குணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. 1845இல் அயர்லாந்தைப் பட்டினி போட்ட இலைக்கருகலை எந்த மருந்தும் அடிக்காமல் தாங்குகிற செடிகள் அதில் உண்டு. அப்படி ஒரு காட்டு இனத்தின் வழியில் வந்த ரகத்தை 2021இல் பெரு விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், மத்தில்தே என்று பெயர். ஆனால் சோதனைக்கூடத்தில் எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்தவுடன் வேலை முடிவதில்லை. காட்டுச் செடியோடு கலந்தால் முதலில் பிறப்பது கசக்கும், கோலிக்குண்டு அளவில் இருக்கும். அதைத் திரும்பத் திரும்ப நல்ல கிழங்கோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையையும் நட்டு, கருகல் வருகிற ஈரமான ஊரில் வைத்துப் பார்த்து, வெட்டி, வேகவைத்து, வாயில் போட்டு, பிடிக்கவில்லையென்றால் குப்பையில் போட்டு மறுபடி. பத்து வருஷம் போனாலும் ஆச்சரியமில்லை.

எங்கள் ஊர்க் கதையே அதற்குச் சாட்சி. 1961இல் ஊட்டித் தோட்டங்களில் தங்க நிற முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். வேரில் கடுகு மாதிரி ஒட்டியிருக்கும், ஒரு தடவை மண்ணில் புகுந்தால் கூட்டுக்குள் முட்டை வருஷக்கணக்கில் காத்திருக்கும். அதைத் தாங்க முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வந்த குஃப்ரி ஸ்வர்ணா என்ற உருளை ரகத்தின் வம்சத்தில் சொலானம் வெர்னேய் என்ற காட்டு உருளை இருக்கிறது, அர்ஜென்டினாவின் வடமேற்கு மலைச் செடி. அந்தப் புழுவுக்கும் ஆண்டீஸ்தான் பிறந்த வீடு. நோயும் இங்கிருந்துதான், மருந்தும் இங்கிருந்துதான். தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

"காட்டுச் செடியை நேரில் எங்கே பார்க்கலாம்?" என்றேன் தோழியிடம்.

"குஸ்கோ பக்கம் போறேல்ல, கீழே பார்த்து நட. மிதிச்சிட்டுப் போயிடுவே."

மே 29, புதன். குஸ்கோ

விமானம் பனிமூட்டத்தால் நாலு மணி நேரம் தாமதம், அதைச் சொல்ல ஆளே இல்லை, பலகையில் 'புறப்பாடு' என்று மட்டும் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. சண்டை போட்ட ஒரே ஆள் ஒரு பாட்டி, அவருக்கு மட்டும் ஒரு சாண்ட்விச் கிடைத்தது.

குஸ்கோ 3,400 மீட்டர். ஊட்டியின் உயரத்தில் இன்னும் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலைக்காரன் என்ற திமிரில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதியின் மாடிப்படி ஏறினேன், இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன். நெற்றியின் இரண்டு பக்கமும் விண் விண் என்று தெறித்தது. விடுதி அம்மாள் ஒரு வார்த்தையும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய், கொக்கா இலை போட்ட வெந்நீரோடு திரும்பி வந்தார். அவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. சாயங்காலம் வரை படுக்கைதான். இரவு சூப்பில் கறுப்பாக, நெல்லிக்காய் அளவில், கடற்பஞ்சு மாதிரி ஏதோ மிதந்தது. மண்வாசனை. அது என்ன என்று பாதி தின்ற பிறகுதான் கேட்டேன். 'சுனோ', பனியில் உறையவைத்துக் காயப்போட்ட கிழங்கு. சுமார்தான். மீதியையும் சாப்பிட்டேன்.

மே 30, வியாழன். குஸ்கோ

பெருவில் மே 30 தேசிய உருளைக்கிழங்கு தினம். ஐ.நா.வும் இதே தேதியைத்தான் உலக உருளைக்கிழங்கு தினமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, இந்த வருஷம்தான் முதல் தடவை. பெரிய கிழங்குத் திருவிழாவைப் பார்க்கலாம் என்றுதான் தேதி பார்த்து வந்தேன். வெளியே வந்தால் ஊரே தெருவில், ஆனால் கிழங்குக்காக இல்லை. இன்றைக்குக் கோர்ப்பஸ் கிறிஸ்டி, நற்கருணைத் திருவிழா. சுற்றுப்புறக் கோயில்களிலிருந்து நேற்றே பேராலயத்துக்கு வந்து சேர்ந்த 15 புனிதர்களையும் மாதாக்களையும் பல்லக்கில் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி வருகிறார்கள், வாத்தியம், வெடி, பீர். ஒரு பல்லக்குக்கு எத்தனை தோள் என்று எண்ண முயன்று விட்டுவிட்டேன். வேளாங்கண்ணிக் கூட்டம் பார்த்தவனுக்கே மூச்சு முட்டியது, பாதிக் காரணம் உயரம்.

இந்தத் திருவிழாவின் சாப்பாடு 'சிரியூச்சு'. தட்டு 45 சோல். எல்லாம் ஆறிப்போனதாகத்தான் இருக்க வேண்டும் என்பது முறை. முழுக் கினிப்பன்றியில் ஒரு கால், கோழி, உப்புக்கண்டம், பாலாடைக்கட்டி, வறுத்த சோளம், சோளமாவு அடை, அதற்கு மேல் மீன்முட்டையும் கடற்பாசியும். கடலிலிருந்து இவ்வளவு உயரத்தில் கடற்பாசி! தட்டைக் கிளறிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது, உருளைக்கிழங்கு மட்டும் இல்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கைபேசி மொழிபெயர்ப்பை வைத்து இன்று கிழங்கு தினம்தானே என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைத்தான் தினமும் சாப்பிடுகிறோமே என்றார், தன் தட்டிலிருந்து ஒரு துண்டு உப்புக்கண்டத்தை என் தட்டில் வைத்தார்.

கினிப்பன்றி முயல்கறி மாதிரிதான் இருக்கிறது, எலும்பு ஜாஸ்தி.

ஜூன் 1, சனி. பிசாக்குக்கு மேலே

குஸ்கோவிலிருந்து பிசாக்குக்குப் பகிர்வு வேன், 5 சோல். அங்கிருந்து மலையேற வாடகைக் கார் 60 சோல் கேட்டார்கள், 50க்குப் படிந்தது. பாதி வழியில் செம்மறியாடுகள் மறித்து இருபது நிமிஷம். ஓட்டுநர் இறங்கி ஆட்டுக்காரப் பெண்ணோடு கதைபேசப் போய்விட்டார்.

இந்த இடத்துக்குப் பெயர் உருளைக்கிழங்குப் பூங்கா. பூங்கா என்றதும் வேலியும் நுழைவுச்சீட்டும் நினைக்காதீர்கள். கெச்சுவா மொழி பேசும் சில ஊர்கள் சேர்ந்து, 9,000 ஹெக்டேருக்கு மேல் உள்ள தங்கள் நிலத்தைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் இங்கே மண்ணில் இருக்கின்றன. நம்மை அழைத்துப் போனது அந்த ஊர் இளைஞர், கெச்சுவாவிலிருந்து ஸ்பானிஷுக்கு அவர், ஸ்பானிஷிலிருந்து தமிழுக்குத் தோழி (நேற்று ராத்திரிதான் குஸ்கோ வந்து சேர்ந்தாள்). ஒரு கேள்விக்குப் பதில் வர அவ்வளவு நேரம் ஆனதால் வீண் கேள்விகளை விட்டுவிட்டேன். நல்லதுதான்.

இரண்டு பெண்கள் தரையில் போர்வையை விரித்துக் கிழங்குகளைக் கொட்டினார்கள். கறுப்பு, ரத்தச் சிவப்பு, பூமா பாதம் போல விரல் விரித்தது, பாம்பாகச் சுருண்டது, வெட்டினால் உள்ளே ஊதா வளையம் தெரிவது. மருமகளை உரிக்கச் சொல்லி அழவைக்கும் அந்தக் கரடுமுரடுக் கிழங்கையும் காட்டினார்கள், எல்லாப் பயணிகளுக்கும் காட்டுவதுதான், எனக்கு அதைவிட அவர்கள் கிடங்குதான் பிடித்தது. மண் சுவர், உள்ளே இருட்டு, குளிர். கிழங்கு ஒரு அடுக்கு, மலைப்புல் ஒரு அடுக்கு, நடுநடுவே முனியா என்ற புதினா வாசனைத் தழை. பூச்சி அண்டாமல் இருக்க. அதே தழையைத்தான் வயிற்றுக்கு ஆகும் என்று எனக்குக் கஷாயமாகவும் போட்டுக் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு வயலில் ஒரு ரகம் என்று நடுவதில்லை. கைக்கு வந்ததையெல்லாம் கலந்து நடுகிறார்கள். உறைபனி விழுந்தால் சிலது கருகும், சிலது நிற்கும். மழை பொய்த்தால் வேறு சிலது நிற்கும். எது வந்தாலும் பானையில் ஏதோ ஒன்று விழும். வங்கியில் இதை நாங்கள் இடர் மேலாண்மை என்று சொல்லி ஸ்லைடு போடுவோம்.

அறுவடை நடந்துகொண்டிருந்தது. தோண்டிய கிழங்கை நேரே மண்ணில் குவிக்காமல் தார்ப்பாயில் குவிக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே கறுத்துப்போன சுரங்கம், அதன் முனையில் கால் இல்லாத வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, மெதுவாகச் சுருண்டது. ஆண்டீஸ் கூன்வண்டின் புழு. அறுவடையோடு இது கிழங்கைவிட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவானால் அடுத்த வருஷமும் அதே கதைதான். பாயில் குவித்தால் இறங்க இடமில்லை. அவர் அதைத் தூக்கிப் போட்டதும் கோழி எங்கிருந்தோ ஓடி வந்தது.

பேச்சு லா மொலினாவைப் பற்றிப் போனது. 2004இல் ஒப்பந்தம் போட்டு, இந்தப் பக்கம் காணாமல்போயிருந்தவை உட்பட 410 ரகங்களை மையத்துக் குழாய்களிலிருந்து நோய் நீக்கி இந்த ஊர்களுக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள். வந்தபோது நன்றாக விளைந்ததா என்றேன். விளைந்தது, வைரஸ் இல்லாத விதை ஆயிற்றே. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டீர்களா? பதில் மூன்று மொழி தாண்டி வந்தது. நாக்குக்குப் பிடிக்காததையும் ஒரு சாலாவது நடுவோம், விட்டுவிட மாட்டோம், ஆனால் பானைக்குப் போவது மாவாக இருப்பதுதான். நீர்க்கிழங்கு இவர்களுக்கு ஆகாது. தோழியின் ஆய்வகத்தில் இதை உலர் எடை என்று சதவீதத்தில் எழுதுவார்களாம். இங்கே வேகவைத்துப் பார்த்து, தோல் வெடித்து மாவு வெளியே தெரிந்தால் பாஸ்.

மதியம் வாத்தியா. மண்கட்டிகளை அடுக்கிச் சின்ன அடுப்பு கட்டி, உள்ளே தீ போட்டு, கட்டி சிவந்ததும் கிழங்கைக் கொட்டி, அடுப்பையே அதன் மேல் இடித்துத் தள்ளி மூடிவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம். தோண்டி எடுத்து, ஊதி ஊதி நகத்தால் தோலுரித்து, பச்சை மிளகாயும் மூலிகையும் அரைத்த துவையலில் தொட்டு, கையால் சாப்பிட்டோம். கத்தியும் முள்ளும் எங்கே என்று கேட்காத முதல் வெளிநாட்டுக்காரன் நான் என்று அந்த அம்மாள் சொன்னதாகத் தோழி சொன்னாள். அவளே சேர்த்துச் சொன்னாளோ என்னவோ.

ஜூன் 2, ஞாயிறு. அதே மலை

ராத்திரி அவர்கள் வீட்டிலேயே தங்கினோம். நாலு கம்பளி, கனத்தில் புரள முடியவில்லை, மூக்கு மட்டும் வெளியே உறைந்தது. காலையில் வாளித் தண்ணீர் மேல் பனித்தகடு. முகம் கழுவுவதை ஒத்திப்போட்டேன்.

இன்னும் மேலே, நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய சமவெளியில், சுனோவுக்குக் கிழங்கு பரப்பியிருந்தார்கள். இரவு உறைகிறது, பகலில் வெயிலில் இளகுகிறது, ஆட்கள் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிகிறார்கள். நானும் மிதித்தேன், கால் மரத்துவிட்டது. இப்படிப் போடுவது பெரும்பாலும் கசப்புக் கிழங்கு, அப்படியே வேகவைத்தால் வாயில் வைக்க முடியாது. அதன் பிறப்பு வளர்ப்பைத் தோழி சொன்னாள்: பயிர்க் கிழங்கும் சொலானம் அகாவ்லே என்ற காட்டு உருளையும் வயலோரத்தில் தாமாகவே கலந்து பிறந்தது. பனி தாங்கும் குணம் காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது, கசப்பும்தான். ஆய்வகங்கள் வருஷக்கணக்கில் செய்கிற கலப்பை இந்த மேட்டில் ஏதோ ஒரு பூச்சி எந்தக் காலத்திலோ செய்துவிட்டுப் போயிருக்கிறது. குஸ்கோ சூப்பில் மிதந்ததன் மேல் லேசாக மரியாதை வந்தது.

அந்தக் காட்டு உருளை எங்கே என்று கேட்டதும் இளைஞர் சிரித்துவிட்டு லாமாத் தொழுவத்தின் கற்சுவர் பக்கம் கூட்டிப்போனார். சாணிக்கும் கல்லுக்கும் நடுவில், தரையோடு தரையாகப் படர்ந்து, பனியில் பாதி வாடிய ஒரு செடி. தண்டே இல்லை, இலைகள் வட்டமாக மண்ணில் ஒட்டிக் கிடந்தன. குச்சியால் கிளறினார், குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்குகள், நூல் மாதிரி நீண்ட வேரோட்டத்தின் முனையில். நரியின் கிழங்கு என்பது இதற்கு ஊர்ப்பெயர். நகத்தால் கீறி நாக்கில் வைத்தேன், துப்பினேன். மறுபடி மண்ணைத் தள்ளி மூடினார்.

பயிர்க் கிழங்குக்குக் கிடங்கு இருக்கிறது, பாட்டிகள் இருக்கிறார்கள், குழாய் இருக்கிறது, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் உலகத்து விதைகளைக் காக்கிற குளிர்ப் பெட்டகத்துக்குக்கூட இந்த ஊர்களின் விதை போயிருக்கிறது. நரிக்கிழங்கை யாரும் தின்பதில்லை, அதனால் யாரும் கேட்பதில்லை. இது பரவாயில்லை, சாணிமேட்டில் தானாக முளைக்கிற ஜாதி. ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருக்கிற காட்டு இனங்கள் உண்டு, அங்கே ஒரு சாலையை அகலப்படுத்தினால் போயிற்று. உறையில் இருக்கிற விதை தப்பிக்கும் என்றாள் தோழி. தப்பிக்கும், ஆனால் நூற்புழுவும் கருகலும் மாறிக்கொண்டே இருக்கும்போது உறைக்குள் இருப்பது பழைய பரீட்சைக்குப் படித்தபடியே இருக்கும், வெளியே நிற்கிற செடிதான் புதுப் பாடம் படிக்கும் என்றேன். "வெளியே நிக்கிறது செத்துப்போனா உன் பாடம் எங்கே போகும்?" என்றாள். கார் வரும்வரை இதே சண்டை.

கிளம்பும்போது வீட்டுப் பெரியவர் மலையைக் கைகாட்டி ஏதோ சொன்னார். அவர் சின்ன வயதில் கீழே, பள்ளிக்கூடம் இருக்கிற சரிவில், கிழங்கு போட்டார்களாம். வெயில் ஏற ஏற புழுவும் கருகலும் ஏறி வந்தன, வயலும் ஏறிக்கொண்டே வந்துவிட்டது. இன்னும் எவ்வளவு ஏறலாம் என்று கேட்டேன். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார், அதற்கு மேல் பாறைதான்.

ஜூன் 4, செவ்வாய். லிமா

மறுபடி மூட்டம். கையில் அவர்கள் கொடுத்த ஒரு பை கிழங்கு. ஊருக்குக் கொண்டுவர ஆசைதான், ஆனால் ஆண்டீஸ் மண் ஒட்டிய கிழங்கை நீலகிரிக்குக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று 1961 கதை தெரிந்தவனுக்குத் தெரியும். தோழியின் வீட்டிலேயே வேகவைத்துத் தின்றோம். ஊதா வளையம் வெந்ததும் மங்கிவிடுகிறது.

ராத்திரி கடைசிச் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிற சுட்ட கோழிக் கடை ஒன்றுக்குப் போனோம். கால் கோழி, சாலட், ஒரு மலை பொரித்த உருளை, 24 சோல். கிழங்கு எல்லாம் ஒரே நீளம், ஒரே நிறம், மொறுமொறுப்பு நன்றாகவே இருந்தது. இது எந்த ரகம் என்று பரிமாறுகிற பையனிடம் கேட்டேன். அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். பாக்கெட்டில் உறையவைத்து வருவதாம், பெல்ஜியத்திலிருந்து.

தோழி தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. "உப்பு போதுமா?" என்றாள்.